புதன்கிழமை பிரென்னர்: இத்தாலிக்கு ஒரு கரவன் பயணம், திட்டமிட்ட விதமும் நடந்த விதமும்

2025 ஜனவரியில் என் கைக்கு வந்த திட்டம் ஒரே பக்கத்தில் அடங்கியது. ஜூலை 26 சனிக்கிழமை காலை மில்டன் கீன்ஸில் இருந்து புறப்பாடு. ஞாயிறு இரவு இத்தாலியின் கார்டா ஏரி. அங்கே ஒரு வாரம். பிறகு வெனிஸ், புளோரன்ஸ், ரோம். திரும்பும் வழியில் ஜேர்மனியில் பெரியம்மா வீடு, ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில், சுவிஸில் சித்தி வீடு. இவ்வளவும் காரின் பின்னால் நான்கு பேர் படுக்கும் கரவனை, அதாவது சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு.

கணவன், மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன். முந்தைய ஆண்டு ஒரு பழைய கரவன் வாங்கி நோர்ஃபோக்குக்கும் வேல்ஸுக்கும் போய்ப் பழகியவர்கள். கரவன் இழுப்பதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு என்பதால் திட்டத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

"அண்ணை, கலேயிலை இருந்து பதினாலு மணித்தியாலம் எண்டுதான் கூகுள் காட்டுது. ரெண்டு நாளா உடைச்சா ஓடிப்போடலாம்தானே?"

"கூகுளுக்குப் பின்னாலை கரவன் நிக்கிறது தெரியாது, தம்பி."

பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இருந்து கார்டாவுக்கு, பெல்ஜியம், ஜேர்மனி, ஒஸ்திரியா வழியாக, சுமார் 1,300 கிலோமீட்டர். ஜேர்மன் மோட்டார்வேயான ஆட்டோபானில் வேக வரம்பே இல்லை என்ற புகழ் தனிக் காருக்கு உரியது. கரவன் இழுக்கும் காருக்கு அங்கே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். பரிசோதனை செய்து தனிச் சான்று வாங்கிய வண்டிகளுக்கு மட்டும் 100; பிரிட்டிஷ் கரவன்களில் அந்தச் சான்று அபூர்வம். இத்தாலியில் மோட்டார்வேயில் 80, ஊருக்கு வெளியே மற்றச் சாலைகளில் 70. பிரான்ஸில் கணக்கு வேறு: காரும் கரவனும் சேர்ந்த அனுமதி எடை 3.5 டன்னுக்குள் இருந்தால் தனிக் காருக்கான வேகமே செல்லும். தாண்டினால் மோட்டார்வேயில் 90. இந்தக் குடும்பத்தின் கார் தகட்டில் இருந்த எண் 3,750 கிலோ. ஆகவே 90.

இப்படி வரம்போடு ஓடி, எரிபொருள், கழிப்பறை, சாலை வேலை, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி 65ஐத் தாண்டாது. 1,300ஐ 65ஆல் வகுத்தால் 20 மணி நேரம். அதற்கு முன்னால் மில்டன் கீன்ஸில் இருந்து, கலேக்குச் சுரங்க ரயில் ஏறும் ஃபோக்ஸ்டன் வரையிலான ஓட்டம் வேறு. இரண்டு நாளில் முடிக்கலாம், முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய விடுமுறையின் முதல் மூன்று நாள் தூக்கத்தில் போயிருக்கும். நாளுக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதை முதல் விதியாக வைத்தோம்.

எடைமேடை சொன்னது

பாதையைப் பேசுவதற்கு முன் கரவனை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். இதற்கு யாரும் ஆசையோடு போவதில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊர்ப்பெயர்களைச் சொல்வதில் இருக்கும் சுகம் இதில் இல்லை. ஆனால் எடையைத் தெரியாமல் ஆல்ப்ஸ் பற்றிப் பேசுவது வீண்.

காரின் வெற்று எடை 1,720 கிலோ. கரவனின் தகட்டில் அனுமதித்த உச்ச எடை 1,500. புதிதாக இழுப்பவர்கள் காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் கரவனை வைத்துக்கொள்ளுங்கள் என்பது பிரிட்டனில் கரவன் சங்கங்கள் நீண்ட காலமாகச் சொல்லும் அறிவுரை. அது சட்டம் கிடையாது; ஆனாலும் நல்ல அறிவுரை. 1,720இல் 85 சதவீதம் என்பது 1,462. ஆகவே தகட்டு எடைக்கே இந்த இணை கொஞ்சம் இறுக்கம்.

கரவன் தொழிற்சாலையை விட்டு வரும்போது 1,350 கிலோ. மிச்சம் 150 கிலோவில் நான்கு பேரின் வாழ்க்கை அடங்க வேண்டும். அதிலும் முந்தைய உரிமையாளர் பொருத்திய நகர்த்தும் மோட்டாரும் பெரிய பேட்டரியும் ஏறத்தாழ 55 கிலோவைத் தின்றுவிட்டன. மீதி 95. அதற்குள் எரிவாயு சிலிண்டர், ஓனிங் எனப்படும் பக்கக் கூடாரம், அதன் கம்பிகள், மடக்கு மேசை நாற்காலி, தண்ணீர்ப் பீப்பாய், பாத்திரம், உடுப்பு.

வழக்கமாக ஏற்றுவதை எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினார்கள். 1,610. நூற்றுப் பத்துக் கிலோ அதிகம்.

இது அபராதத்தோடு முடியும் விஷயம் இல்லை. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான். அதைவிட, பாரம் அதிகமான கரவன், முக்கியமாகப் பின்பக்கம் பாரமானது, வேகத்தில் வாலாட்டத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். பாரம் அச்சுக்கு நேரே, தரையோடு இருக்க வேண்டும். காரின் கொக்கியில் கரவன் அழுத்தும் மூக்குப் பாரம் கரவன் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை இருந்தால் வண்டி நேராக வரும். ஆனால் காருக்கு அதற்கென்று தனி உச்சவரம்பு உண்டு, அதை மீறக் கூடாது. இவர்கள் சைக்கிள்களைக் கரவனின் பின்புறத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். சைக்கிள் போக வேண்டும் என்றேன். மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வெட்டு அரிசி மூட்டைக்கு. இருபது கிலோ சம்பா.

"அங்கை சோறு கிடைக்காட்டி என்ன செய்யிறது அண்ணா?" என்று கேட்டாள் மனைவி.

"இத்தாலியின்ரை வடக்கிலை நெல்லு வயல் இருக்குது, பிள்ளை."

ஐந்து கிலோவில் இணக்கம் ஏற்பட்டது. ஓனிங் காருக்கு மாறியது. காருக்கும் உச்ச எடை இருப்பதால் அதையும் தனியே நிறுத்துப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்கி ஓடுவது என்று முடிவானது. இரண்டாவது முறை எடைமேடையில் 1,480.

அதே நாளில் டயரைப் பார்த்தோம். கரவன் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்று கிழமாகிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இவர்களுடையதில் 3517. 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஐந்து ஆண்டில் மாற்று, ஏழைத் தாண்டாதே என்பதே பொதுவான அறிவுரை. மேல்பார்வைக்குப் பள்ளங்கள் புத்தம் புதிதாக இருந்தன. மாற்றினார்கள்.

எந்தக் கிழமை

என் கணிப்பில் இந்தத் திட்டத்தின் பெரிய பிழை தூரத்தில் இல்லை, சனிக்கிழமையில் இருந்தது.

ஐரோப்பாவின் கோடைப் போக்குவரத்து சனிக்கிழமையைச் சுற்றி ஓடுகிறது. காரணம் எளிது. வாடகை வீடுகளும் காம்ப்சைட்டில் நிரந்தரமாக நிற்கும் கரவன்களும் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாடகைக்குப் போகின்றன. ஆகவே வடக்கில் இருந்து தெற்கே போகிறவர்களும், தெற்கில் முடித்துக்கொண்டு வடக்கே வருகிறவர்களும் ஒரே நாளில் ஆல்ப்ஸின் ஒரே சில துளைகளுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். கோத்தார்ட் சுரங்கத்தின் வாயிலில் கோடைச் சனிக்கிழமைகளில் பத்துக் கிலோமீட்டர் வரிசை நிற்பது சுவிஸ் வானொலிக்கு வழக்கமான செய்தி. பிரான்ஸில் பிஸோன் ஃபியூத்தே என்ற அரசுப் போக்குவரத்து முன்னறிவிப்பு 1976 முதல் இருக்கிறது. நாட்களுக்குப் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுக்கும். கறுப்பு வருவது பெரும்பாலும் கோடைச் சனிக்கிழமையில்.

கரவன் வைத்திருப்பவனுக்கு இந்தச் சனிக்கிழமை தேவையே இல்லை. வீடு அவன் முதுகில் வருகிறது. வெற்று இடத்தைப் பதிவு செய்பவன் புதன்கிழமை வந்து அடுத்த புதன்கிழமை போகலாம்; பெரும்பாலான இடங்களில் குறைந்தபட்ச இரவுகள் என்ற நிபந்தனை மட்டும்தான். இருந்தும் நம்மவர்கள் விமான டிக்கெட் எடுத்த பழக்கத்தில், பள்ளி விட்டதும் வரும் முதல் சனிக்கிழமையையே பிடிக்கிறார்கள்.

ஆகவே திட்டத்தைத் தலைகீழாகப் போடச் சொன்னேன். முதலில் ஆல்ப்ஸைக் கடக்கும் நாள். மற்ற எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி. நாட்காட்டியை விரித்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. ஜேர்மனியில் பள்ளி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நெரிசலைக் குறைக்க வேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். 2025இல் தெற்கே இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க்குக்கு ஜூலை 31, பவேரியாவுக்கு ஆகஸ்ட் 1 அன்று தொடக்கம். இந்த இரண்டு மாநிலத்தாரில் பலர் இத்தாலிக்குப் போகும் பாதை, ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலான பிரென்னர் கணவாய். அப்படியானால் ஜூலை 30 புதன்கிழமை கடந்துவிட வேண்டும். இரண்டு நாள் பிந்தினால் முனிச் நகரமே நம் முன்னால் நிற்கும்.

பின்னோக்கிப் போனால்: செவ்வாய் முழு ஓய்வு, ஜேர்மனியின் தெற்கு எல்லையில் ஃபூஸ்ஸன் நகரருகே. திங்கள் ரைன் கரையில் இருந்து ஃபூஸ்ஸன். ஞாயிறு பெல்ஜியத்தில் இருந்து ரைன் கரை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரவு 10 மணி வரை ஜேர்மன் சாலைகளில் கனரக லாரிகள் ஓடத் தடை. 80இல் போகும் கரவன்காரனுக்கு லாரி இல்லாத ஆட்டோபான் ஒரு வரம். முந்தவும் வேண்டாம், முந்தப்படவும் வேண்டாம். சனி அதிகாலை ஃபோக்ஸ்டனில் சுரங்க ரயில், மாலை லியேஜ் அருகே. வெள்ளி இரவு கென்ட்டில் தங்கல். வெள்ளி மாலை அப்பா வேலை முடித்து வந்ததும் கிளம்பினால் போதும். அவருடைய பதினைந்து வேலைநாள் விடுப்புக்குள் எல்லாம் அடங்கியது.

ஜூன் மாதத்திலேயே போய்விட்டால் கூட்டமும் இல்லை, நெரிசல் இல்லாத பருவத்துக்கான தள்ளுபடி அட்டையான காம்பிங்கார்டும் செல்லும், விலையும் பாதி என்று ஒரு யோசனை வந்தது. இங்கிலாந்தில் பள்ளி நாளில் பிள்ளையை அப்படி அழைத்துப் போனால் 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்ட். 21 நாளில் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர், 320 பவுண்ட். கணக்குப் பார்த்தால் அப்படியும் லாபம் வரலாம். மகளுக்கு ஜூனில் பரீட்சை. பேச்சு அங்கேயே நின்றது.

மூன்று துளைகள்

இங்கிலாந்தில் இருந்து இத்தாலிக்குக் கரவனோடு போக நடைமுறையில் மூன்று வழிகள்.

பிரான்ஸ் வழியாக மோன் பிளாங். சாலை அருமை. ஆனால் பிரெஞ்சு மோட்டார்வேயில் பெரும்பாலும் சுங்கம், கரவன் சேர்ந்தால் வகுப்பு ஏறும். 11.6 கிலோமீட்டர் சுரங்கத்துக்குத் தனிக் காருக்கே ஒருவழியில் 50 யூரோவுக்கு மேல். 1999 மார்ச்சில் உள்ளே நடந்த தீ விபத்தில் 39 பேர் மாண்ட பின், உள்ளே வேகமும் இடைவெளியும் கண்டிப்பாகக் கண்காணிக்கப்படுகின்றன. கார்டாவுக்குப் போகிறவர்களுக்கு அது மேற்கே ஒதுங்கிய வாசல்.

சுவிஸ் வழியாக கோத்தார்ட். 16.9 கிலோமீட்டர். சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. கண்ணாடியில் ஒட்டும் சாலைக் கட்டணச் சீட்டான மோட்டார்வே வில்லை மட்டும். வில்லை 40 பிராங்க், ஆண்டு முழுதும் செல்லும், குறுகிய கால வில்லை என்று ஒன்று இல்லை. கரவனுக்கும் தனியாக ஒன்று வேண்டும். ஆக 80 பிராங்க். 2023 ஆகஸ்ட் முதல் இதை மின்வடிவிலும் வாங்கலாம், எண் தகட்டோடு பிணைத்து. பிரிட்டிஷ் கரவனுக்குச் சொந்த எண் கிடையாது. காரின் எண்ணையே தாங்கி வரும். குழப்பம் வேண்டாம் என்று ஒட்டும் வில்லை இரண்டு வாங்கச் சொன்னேன்.

ஒஸ்திரியா வழியாக பிரென்னர். சுமார் 1,370 மீட்டர். பெரிய ஆல்ப்ஸ் கணவாய்களில் தாழ்வானது. பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் சுங்கம் இல்லை. ஒஸ்திரிய வில்லை குறுகிய காலத்துக்கும் கிடைக்கும், கரவனுக்குத் தனியாக வேண்டாம். பிரென்னர் மோட்டார்வேக்கு மட்டும் தனிக் கட்டணம். குறை ஒன்று: லூக் பாலம் புதுப்பிக்கப்படுவதால் 2025 ஜனவரி 1 முதல் அங்கே ஒரு திசைக்கு ஒரு தடம், நெரிசல் நாட்களில் மட்டும் இரண்டு. இன்னொன்று: நெரிசலைத் தவிர்க்க மோட்டார்வேயை விட்டு இறங்கி ஊர்ச் சாலைகளில் போவதை டிரோல் மாநிலம் கோடை வார இறுதிகளில் தடை செய்திருக்கிறது. இரண்டுக்குமே மருந்து புதன்கிழமைதான்.

போகும்போது பிரென்னர், வரும்போது கோத்தார்ட் என்று முடிவு. சித்தி வீடு பேர்ணில் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

ஃபூஸ்ஸனில் இருந்து போகும்போது ஃபெர்ன் கணவாய், 1,200 மீட்டருக்குச் சற்று மேல், வளைவுகள் உண்டு, கரவன்கள் தினமும் போகின்றன. வழிகாட்டிக் கருவி சில வேளை கார்மிஷ், ஸேஃபெல்ட் பக்கமாக இழுக்கும். அதற்கு இணங்கவே கூடாது. ஸேஃபெல்டில் இருந்து ஸிர்ல் ஊருக்கு இறங்கும் மலைச்சாலையில் கரவனோடு இறங்கத் தடை. சரிவு 16 சதவீதம். கார் கம்பெனிகள் இழுக்கும் திறனைக் கணிப்பது 12 சதவீத ஏற்றத்தில் நின்று கிளம்ப முடியுமா என்பதை வைத்து. இறக்கத்தில் எல்லாப் பொறுப்பும் பிரேக்கின் தலையில். ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்கு, பிரேக்கை இடைவெளி விட்டு விட்டு அழுத்து, தொடர்ந்து தேய்க்காதே: இதை மட்டும் காரின் முன்பலகையில் எழுதி ஒட்டச் சொன்னேன்.

"ஸ்டெல்வியோவாலை போனா என்ன அண்ணை? ரீவியிலை காட்டினவங்கள்."

2,757 மீட்டர், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு. கரவனை காம்ப்சைட்டில் விட்டுவிட்டு, மனைவியையும் கேட்டுவிட்டு, தனிக் காரில் போகலாம் என்றேன். இரண்டாவது நிபந்தனையில் அந்தப் பேச்சு அடங்கியது.

ரோம் போயிற்று, பெரியம்மா போகவில்லை

ஒவ்வொரு மூன்றாம் நாளும் கரவனைக் கழற்றிப் பூட்டுவது விடுமுறை ஆகாது. ஓனிங் கட்டவே ஒரு மாலை போகும். இத்தாலியில் இரண்டு தளம் மட்டும் என்று குறைத்தோம்: கார்டாவின் தென்கரையில் ஏழு இரவு, வெனிஸுக்குக் கிழக்கே கவலினோ கடற்கரையில் ஐந்து இரவு. பின்னதில் இருந்து புந்தா சபியோனி துறைக்குப் போனால் படகு நேரே சான் மார்கோவில் இறக்கும். வெனிஸுக்குக் காரைக் கொண்டுபோகும் தலைவலி இல்லை. பகல்நேரப் பயணிகளிடம் வெனிஸ் நகரம் வாங்கும் நுழைவுக் கட்டணம் 2025இல் ஜூலை 27ஓடு முடிந்துவிடுவதும் வசதி.

ரோமை வெட்டினேன். கார்டாவில் இருந்து 500 கிலோமீட்டர், ஆகஸ்ட் வெயில், 80 வேகம். பார்த்தே ஆக வேண்டும் என்றால் வெரோனாவில் இருந்து அதிவேக ரயில் மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். புளோரன்ஸுக்கு அதில் பாதி. நகரங்களுக்கு ரயிலில் போவதில் இன்னொரு நன்மை, அனுமதி வண்டிகள் மட்டும் நுழையக்கூடிய பழைய நகர மையத்துக்குள் தெரியாமல் நுழைந்து, மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வருவதில் இருந்து தப்பலாம்.

கடினமான பகுதி உறவினர். நம்மவர் ஐரோப்பாப் பயணத்தில் பாதைக்கு இரு பக்கமும் சொந்தக்காரர் இருப்பார்கள். யாரையும் விட முடியாது. பெரியம்மா வீடு டோர்ட்முண்ட் பக்கம். ஹம் கோயில் அதற்கும் அப்பால், கொலோனில் இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே. போய்த் திரும்ப ஒரு முழு நாள். அதோடு, எட்டு மீட்டர் கரவனை அடுக்குமாடிக் குடியிருப்பின் தெருவில் எங்கே நிறுத்துவது? அத்தான் இடம் பிடித்து வைப்பார் என்ற நம்பிக்கையில் 1,480 கிலோவைக் கொண்டுபோக முடியாது.

நான் சொன்ன வழி: நீங்கள் அவர்களிடம் போக வேண்டாம், அவர்களைக் கரவனுக்கு வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரைன் கரைக் காம்ப்சைட்டுக்கு அவர்கள் தனிக் காரில் வந்தால் மூன்று மணி நேரம். பகல் விருந்தினருக்குச் சிறு கட்டணம், அவ்வளவுதான். பெரியம்மா முதலில் மனத்தாங்கல் பட்டாராம். பிறகு மூன்று காரில் வந்தார்கள். ஹம் கோயில் இம்முறை விடுபட்டது. பேர்ணில் 2014இல் திறந்த மதங்களின் இல்லத்தில் சைவக் கோயிலும் இருப்பதால் நேர்த்தி அங்கே நிறைவேறியது.

காகிதங்களில் ஒன்று மட்டும் கிட்டத்தட்டப் பயணத்தையே கெடுத்திருக்கும். ஐரோப்பாவில் உள் எல்லைச் சோதனை இல்லாத நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளில் இருந்து இன்னும் மூன்று மாதம் கடவுச்சீட்டு செல்ல வேண்டும். திரும்புவது ஆகஸ்ட் 17. மகனின் சீட்டு அக்டோபரில் முடிகிறது. எல்லோரும் "ஒக்டோபர் மட்டும் இருக்குதானே" என்று விட்டிருந்தார்கள். ஓட்டுநர் உரிமத்தில் சிக்கல் இல்லை. 1997க்குப் பின் தேர்வில் தேறியவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் தனித் தேர்வு இல்லாமலே 3.5 டன் வரை இழுக்கலாம்.

சாப்பாட்டு விஷயம் மனைவியைத்தான் அதிகம் பாதித்தது. பிரிட்டனில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. பொரித்து வைத்த ஆட்டிறைச்சி, தயிர், நெய் எல்லாம் அடங்கும். பழம், காய்கறிகளுக்குத் தாவரச் சான்று வேண்டும். விலக்குப் பெற்ற சில பழங்களில் வாழையும் தேங்காயும் உண்டு. கறிவேப்பிலை கிடையாது. பெரியம்மா வந்த மூன்று காரில் ஒன்று நிறையக் கறிவேப்பிலையும் நெய்யும் வந்ததாகக் கேள்வி.

நடந்தது

சனி அதிகாலை ரயிலில் ஏறும் முன் எரிவாயு மூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். 35 நிமிடத்தில் கலே. கரவன்காரருக்கு மறுகரையில் இரண்டு பழக்கம் மாற வேண்டும். பிரிட்டிஷ் கரவனின் கதவு இடப்பக்கம். கண்டத்தில் சாலையோரம் நிறுத்தினால் கதவு போக்குவரத்துப் பக்கமாகத் திறக்கும். ஆகவே சாலையோர நிறுத்தம் கூடாது, சேவை நிலையத்தின் உள்ளே போய்த்தான் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும். அடுத்தது சுங்கச் சாவடி. ஓட்டுநர் வலப்பக்கம், இயந்திரம் இடப்பக்கம். சீட்டை எடுப்பதும் அட்டையைக் காட்டுவதும் மனைவியின் பொறுப்பு. இத்தாலியில் டெலிபாஸ் என்ற தானியங்கிச் சுங்கக் கருவிக்கான மஞ்சள் தடத்துக்குள் போகாமல் பார்ப்பதும் அவள்தான். ஓரச்சுக் கரவன் காரோடு சேர்ந்து மூன்று அச்சு என்பதால் இத்தாலியச் சுங்கத்தில் மூன்றாம் வகுப்பு.

ஜேர்மனியில் சாலை வேலை நடக்கும் இடங்களில் இடது தடம் இரண்டு மீட்டரை ஒட்டிய அகலத்துக்குக் குறுகும். இழுவைக் கண்ணாடியோடு கரவன் அதில் போகாது. "வலப்பக்கமே இரு" என்று மகள் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபூஸ்ஸனை விட்டார்கள். லூக் பாலத்தில் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. பதினொன்றரைக்கே கணவாயைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கியாயிற்று. அங்கே வேண்டுமென்றே பிந்தினார்கள். இத்தாலியக் காம்ப்சைட்டுகளில் பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை அமைதி நேரம். வாயில் சாத்தியிருக்கும், உள்ளே வண்டி நகரக் கூடாது. இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் 34 பாகை வெயிலில் தெருவில் நிற்க வேண்டியதுதான். திரெந்தோ அருகே நீண்ட மதியச் சாப்பாடு, நான்கு மணிக்கு அஃபியில் மோட்டார்வேயை விட்டு இறக்கம். அடுத்த சனிக்கிழமை, ஆகஸ்ட் 2 அன்று, அதே காம்ப்சைட்டுக்கு வந்த ஒரு முனிச் குடும்பம் முந்தைய நாள் மாலை கிளம்பி விடியும்வரை சாலையில் இருந்த கதையைச் சொன்னார்களாம்.

மின்சாரம் முதல் நாளே பாடம் நடத்தியது. அந்த இடத்துக்குக் கிடைத்தது 6 அம்பியர். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். ஊரில் இருந்து கொண்டுபோன கேத்தல் மட்டும் 3,000 வாட். சோற்றுச் சட்டி 700. போட்ட உடனே இருட்டு. அதைத் திரும்பப் போடப் பெட்டியின் சாவி அலுவலகத்தில். மறுநாளில் இருந்து தண்ணீர் எரிவாயுவில் கொதித்தது, சோறு மின்சாரத்தில் வெந்தது. பிரிட்டிஷ் சிலிண்டரை அங்கே மாற்ற முடியாது என்பதால் எரிவாயுவையும் அளந்துதான் எரித்தார்கள். நீச்சல் குளத்தில் தலைக்குத் தொப்பி இல்லாமல் இறங்க விடவில்லை. நாலு தொப்பி வாங்கியது திட்டத்தில் இல்லாத செலவு.

திட்டத்தில் சரியாக வராதது வானிலை. கார்டாவில் கோடை மாலைகளில் இடிமழை திடீரென்று வரும். மூன்றாம் இரவு காற்று ஓனிங்கின் ஒரு காலைப் பிடுங்கிக் கம்பியை வளைத்துவிட்டது. மிச்ச நாட்களுக்கு அதை மடித்துக் காரில் வைத்தார்கள். ஓனிங் இல்லாத கரவனில் நான்கு பேர், அதில் ஒருத்தி பதின்மூன்று வயது, என்பது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த தடவைக்கு எளிதான சூரியத் துணி ஒன்று போதும், இருபது கிலோவும் மிச்சம் என்பது என் கருத்து. மனைவிக்கு ஓனிங்தான் சமையலறை. இதில் இன்னும் உடன்பாடு இல்லை.

கார்டாவில் இருந்து கவலினோவுக்கும் புதன்கிழமையே மாறினார்கள். யேசோலோ வழியாகப் போகும் அந்த ஒற்றைச் சாலை சனிக்கிழமைகளில் அடைத்துக்கொள்ளும். இத்தாலி முழுவதும் விடுமுறை கொண்டாடும் ஃபெரகோஸ்தோ ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு முன்பாக, 11ஆம் தேதி திங்கள் கடற்கரையை விட்டு, செவ்வாய் கோத்தார்ட். ஐரோலோ வாயிலில் அரை மணி நேரம் நின்றதாகச் சொன்னார்கள். பேர்ணில் இரண்டு இரவு. பிறகு அல்சாஸ், லக்சம்பர்க் வழியாக மெதுவாக ஏறி, லக்சம்பர்க்கில் மலிவு விலைக்குத் தொட்டியை நிரப்பிக்கொண்டு கலே. எரிபொருள் மொத்தத்தில் தனிக் காருக்கு ஆகியிருப்பதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இதே திட்டத்தை இனி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு இடத்தில் நேரத்தைக் கூட்ட வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய நுழைவு வெளியேற்றப் பதிவு தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரருக்கு முதல் தடவை முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு முகப்படம் மட்டும். பிரெஞ்சு எல்லைக் காவல் ஃபோக்ஸ்டனிலேயே இருப்பதால் அந்த வரிசை இங்கிலாந்துப் பக்கத்தில்தான் நிற்கும். கென்ட்டில் ஒரு இரவு தங்கும் வழக்கத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அதைக் கடைசியாக வெட்டுவது நல்லது.